துவைக்கிற கல்லிலிருந்து ஆறு மீட்டர்

ஜனவரி 4, சனி

அத்தை போன் செய்தார். கோமதியின் அம்மா.

"மருமவனே, சாப்டியளா?"

"சாப்ட்டேன் அத்தை."

"என்ன சாப்டிய?"

பதில் யோசிக்க வேண்டியிருந்தது. தோசை என்றேன்.

"பிப்ரவரி கடைசிக்குள்ள பள்ளிக்கூடத்துல பேரு குடுக்கணுமாம். தனுவ இங்க சங்கரங்கோயில்லயே சேத்துருவமா, இல்ல அங்கயா? ஒரு முடிவு சொல்லுங்க. நாலு மாசமாச்சு. புள்ள தெனமும் அப்பா வீடு எப்ப, அப்பா வீடு எப்பன்னு கேக்கா."

"பிப்ரவரியில கூட்டிட்டு வாங்க. இங்கயே சேத்துரலாம்."

"கூட்டிட்டு வாரேன். பின்னால லைட்டு எரியுதா?"

"எரியுது."

"சரி. எரிஞ்சாத்தான் புள்ளய விட்டுட்டு வருவேன்."

எரியவில்லை. பின்பக்கக் கரண்ட் லைன் அணைத்தே இருக்கிறது.

மிக்கேல் அண்ணன் எங்கள் ஆலையின் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் மூத்தவர். ஷிப்ட் முடிந்து வீட்டில் சும்மா உட்காராதே, எதையாவது கையில் பிடி என்கிறார். தொலைநோக்கி வாங்கலாம் என்று இருக்கிறேன். இது தூத்துக்குடிக்குத் தெற்கே புது லேஅவுட். நாற்பது மனை, மூன்று வீடு. தெருவிளக்கு இன்னும் வரவில்லை. வானம் பார்க்க ஏற்ற இடம்.

ஜனவரி 6

கடைக்காரர் காட்டிய பெட்டியில் '525 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று எழுதியிருந்தது. எழுபது மில்லிமீட்டர் வில்லை. அதற்கு நூற்று நாற்பது மடங்குக்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும். எவ்வளவு பெரிதாக்குகிறது என்பது கணக்கே இல்லை. எவ்வளவு வெளிச்சத்தை அள்ளுகிறது என்பதுதான் கணக்கு. முக்காலியைத் தொட்டுப் பார்த்தேன். நான்கு வினாடி ஆடியது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஜனவரி 7

முடிவு செய்தாயிற்று. வில்லைக்குப் பதில் உள்ளே கண்ணாடி பதித்த குழாய் வகை. மரப்பலகை அடித்தளத்தில் பீரங்கி மாதிரி உட்கார்ந்து சுழலும். இருநூறு மில்லிமீட்டர் இன்னும் நன்றாகத் தெரியும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் அதைக் கதவு தாண்டித் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

நூற்று ஐம்பது.

ஜனவரி 11

பெட்டி வந்தது. ஸ்க்ரூ பதினெட்டு. ஒன்று கூடுதல்.

ஜனவரி 14

ஊரெல்லாம் பொங்கல். இந்த வருடம் இந்த வீட்டில் கிடையாது. பக்கத்து மனைக்காரர் கேட்டுவரை வந்து, நினைவு வந்ததுபோல் திரும்பிப் போனார். கையில் தூக்குச்சட்டி இருந்தது.

ஜனவரி 15

குழாயின் முதுகில் சின்னதாக ஒரு குறிபார்க்கும் குழாய் இருக்கிறது. இரண்டும் ஒரே புள்ளியைப் பார்க்கும்படி பகலிலேயே சரிசெய்துவிட வேண்டும். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செல்போன் டவரின் உச்சியை வைத்துச் செய்தேன். படம் தலைகீழாகத்தான் தெரியும். டவர் வானத்திலிருந்து கீழே தொங்கியது. நட்சத்திரத்துக்கு மேல் கீழ் கிடையாது என்பதால் யாரும் இதைக் குறையாகச் சொல்வதில்லை.

நாற்காலியைக் கொல்லையின் நடுவில் போட்டிருக்கிறேன். துவைக்கிற கல்லிலிருந்து ஆறு மீட்டர்.

ஜனவரி 18, சனி

மிக்கேல் அண்ணன் வந்தார். வியாழனைக் காட்டினேன். பக்கத்தில் நான்கு நிலாக்கள், ஒரே கோட்டில்.

"ஏ கனகு, இது பொய்யில்லயே? உள்ள ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கியா?"

"தட்டிப் பாருங்க. நகரும்."

தட்டினார். நகர்ந்தது. "ஆத்தாடி" என்றார். பிறகு குழாயைத் தாழ்த்தி ஊர்ப்பக்கம் திருப்பினார். "இதுல எங்க வீட்டு மாடி தெரியுமால? எம்பொண்டாட்டி போன்ல யாரத் திட்டுதான்னு பாத்துச் சொல்லு. என்னயத்தான் இருக்கும், இருந்தாலும்..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் பரவாயில்லை என்றேன். இருட்டில் அவருக்கு என் முகம் தெரிந்திருக்காது.

கிளம்பும்போது செல்போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்தார்.

"செருப்பு எங்க?"

"போட்டா ஆடும். அதிர்வு தரை வழியா குழாய்க்கு ஏறிரும்."

"வெறுங்காலுக்கு ஏறாதோ?"

வெளிச்சத்தை என் காலிலிருந்து கல் வரைக்கும், அங்கிருந்து திரும்ப என் கால் வரைக்கும் கொண்டுவந்தார்.

"இந்தக் கொல்லையில, இந்த இருட்டுல, வெறுங்காலோட. ஏ, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? மொட்ட மாடி இருக்குல்லா?"

மாடியில் தண்ணீர்த்தொட்டி மறைக்கும் என்றேன். தொட்டி வடமேற்கு மூலையில் இருக்கிறது. நான் பார்ப்பது கிழக்கு.

ஜனவரி 20

இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். நடுவில் ஒரு தீக்குச்சி வெளிச்சம் பட்டாலும் மறுபடி முதலிலிருந்து. வீட்டின் எல்லா விளக்கையும் ஆறரைக்கே அணைத்துவிடுகிறேன். கிணற்றடிப் பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "விளக்கு வைக்குற நேரத்துல வீட்ட இப்படிப் போட்டிருக்கிய?" என்றார். கரண்ட் இல்லை என்றேன். அவர் வீட்டில் இருந்தது.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். மிகவும் மங்கலானவை நேராகப் பார்த்தால் தெரியாது. கண்ணின் நடுப்பகுதி இருட்டில் குருடு. பொருளுக்குக் கொஞ்சம் பக்கத்தில் பார்க்க வேண்டும். அப்போது ஓரத்தில் அது எழும்பி வரும். நேராகத் திரும்பினால் போய்விடும். நண்டு நெபுலாவை அப்படித்தான் பிடித்தேன். வெள்ளையாக ஒரு மங்கல், கண்ணாடியில் விட்ட மூச்சு மாதிரி.

7.52க்கு இடது ஓரத்தில் வேறு ஒன்றும் தெரிந்தது. வானத்தில் இல்லை. கல் பக்கம்.

ஜனவரி 21

மறுபடியும். குழாயில் கண் வைத்து இருபத்திரண்டாவது நிமிடம்.

இடம்: துவைக்கிற கல்.
உயரம்: குத்தவைத்து உட்கார்ந்த ஆள் அளவு.
வெளிச்சம்: நண்டு நெபுலாவைவிடக் கொஞ்சம் கூட.
நேராகப் பார்த்தால்: இல்லை.

கல்லுக்கு அருகே வெள்ளை பிளாஸ்டிக் தொட்டி ஒன்று கிடந்தது. அதுதான்.

ஜனவரி 22

தொட்டியை உள்ளே எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தேன். தெரிகிறது.

ஜனவரி 23

கொடிக்கயிற்றை அவிழ்த்தேன். கல்லின் மேல் கருப்புத் தார்ப்பாய் போட்டுக் கட்டினேன். தெரிகிறது. இடது கண்ணை மூடினால் இல்லை. அப்படியென்றால் கண்ணில்தான் கோளாறு. நாளை கண் டாக்டர்.

ஜனவரி 24

டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். கோளாறு இல்லை. "தூங்குறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி 27

தனு பேசினாள்.

"அப்பா, நீ நச்சத்திரம் வச்சிருக்கியாமே. மிக்கேலு மாமா ஆச்சிகிட்ட சொன்னாங்க."

"வச்சிருக்கேன்."

"எனக்கு எத்தன தருவ?"

"எத்தன வேணும்?"

"ஏழு." அவளுக்கு ஏழு வரைக்கும்தான் எண்ணத் தெரியும்.

போனை அத்தை வாங்கினார். "லைட்டு எரியுதுல்லா?" என்று கேட்டார். எரியுது என்றேன். ஏன் இதையே கேட்கிறார் என்று தெரியவில்லை.

இரவு அளவுநாடாவை எடுத்துப் போனேன். அது கல்லின்மேல் இல்லை இப்போது. கல்லுக்கு இந்தப் பக்கம், ஒன்றேகால் மீட்டர்.

ஜனவரி 29

அமாவாசை. கல்லிலிருந்து இரண்டு மீட்டர் நாற்பது. ஓரியன் நெபுலாவை நாற்பது நிமிடம் பார்த்தேன். குழாயைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. எடுத்தால் திரும்ப இருபத்திரண்டு நிமிடம் ஆகும்.

சத்தம்: ஈரத்துணியைப் பிழிவது போல. இரண்டு முறை. காற்றாக இருக்கலாம்.

பிப்ரவரி 3

நிலா வந்துவிட்டது. மேற்கே பிறையும் வெள்ளியும். எல்லோரும் படம் எடுத்து அனுப்புகிறார்கள். கொல்லையில் ஒன்றும் இல்லை. புல் மட்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நிலா இன்னும் பெரிதாகிவிட்டது. எதையும் பார்க்க முடியாது. அதனால் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆலையில் ஒரு லைனில் வேலை செய்யும்போது சுவிட்சை அணைத்து அதில் சிவப்பு அட்டை தொங்கவிடுவோம். அட்டையில் பெயர், தேதி, காரணம். தொங்கவிட்டவன்தான் எடுக்கலாம். மேனேஜரே வந்தாலும் தொடக் கூடாது. அட்டை என்பது அந்த ஆளின் உயிர்.

கல்யாணமான முதல் வாரத்திலேயே கோமதிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் எதைக் கழற்றினாலும் அட்டை தொங்கவிடுவேன். அவள் சிரிப்பாள். ஒருநாள் முறுக்கு டப்பாவில் ஒரு அட்டை தொங்கியது. 'தொடாதே. பெயர்: கோமதி. காரணம்: தீர்ந்துவிடும்.' நானும் தொடவில்லை. அவளே எடுத்துக் கொடுத்தாள்.

பின்பக்க லைனின் எம்.சி.பி. சுவிட்சில் இப்போது தொங்குவது என் எழுத்து. பெயர்: கனகவேல். தேதி: 25.8. காரணம்: வாஷிங் மெஷின் பாடியில் கரண்ட் கசிவு.

அதே லைனில்தான் கல்லுக்கு மேலே இருக்கும் பல்பும்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன். ஞாயிறு ஓவர்டைம் வந்தது. மெஷின் ஓடாததால் அவள் தனு தூங்கியபிறகு கல்லில் துவைத்தாள். செப்டம்பர் 5 இரவு உள்ளே வந்து, முள் குத்திவிட்டது என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை, வலியும் இல்லை என்றாள். ஒன்றும் இல்லை, படு என்று சொன்னேன். கட்டுவிரியன் கடித்தால் அப்படித்தான் இருக்குமாம். விடிகாலையில், "ஏங்க, இமையத் தூக்க முடியல" என்றாள்.

அட்டையைத் தூக்கி எறிந்து சுவிட்சைப் போட ஒரு வினாடி ஆகியிருக்கும். லைட் மட்டும் போட்டிருந்தால் ஷாக்கும் அடித்திருக்காது. அவள் தொடவில்லை.

பிப்ரவரி 16

நிலா தாமதமாக வருகிறது. இருட்டு திரும்பியது. ஐபீஸ் வில்லைப் பெட்டி வைக்க இன்னொரு நாற்காலி கொண்டுபோய்ப் போட்டேன். பிறகு பெட்டியைக் கீழே வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 18

கல்லிலிருந்து ஐந்து மீட்டர் பத்து. இரண்டாவது நாற்காலி ஐந்து மீட்டர் நாற்பதில் இருக்கிறது.

பிப்ரவரி 19

மிக்கேல் அண்ணன் வேலையிடத்தில் பிடித்துக்கொண்டார். "தனு வாராளாமே. கொல்லை லைன சரிபண்ணியாச்சா? நான் வரட்டா, ரெண்டு பேருமா பாத்துருவோம்."

"வேண்டாம்ண்ணே."

"என்னல வேண்டாம்? புள்ள வரப்போகுது."

அட்டை என் பேரில் இருக்கிறது என்றேன். அவர் அதற்குமேல் பேசவில்லை. எங்கள் ஆட்கள் யாரும் பேச மாட்டார்கள்.

லைட் எரிந்தால் கண் பழகாது. கண் பழகாவிட்டால் தெரியாது. இவ்வளவுதான் கணக்கு. லைட் எரியாவிட்டால் அத்தை தனுவைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவார். இதுவும் கணக்குதான். இரண்டையும் ஒரே தாளில் போட்டுப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 20

ஐந்து நாற்பது.

பிப்ரவரி 22, சனி

மாலை நான்கு மணி பஸ்ஸில் வந்தார்கள். அத்தையிடம் இரண்டு பை. ஒன்று அவருடையது, ஒன்று தனுவுடையது. தனு என்னைப் பார்த்து அத்தையின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் வெளியே நீட்டினாள்.

"அப்பாக்குத் தாடி" என்றாள்.

"குத்துமா பாரு, போ" என்றார் அத்தை. போகவில்லை.

ஆறரைக்கு வீடு இருட்ட ஆரம்பித்தது. தனு பிரயாணக் களைப்பில் தூங்கிவிட்டாள். அத்தை சமையலறையிலிருந்து பின்கதவைத் திறந்து சுவிட்சைத் தட்டினார். மறுபடி தட்டினார். நேராக மெயின் போர்டுக்குப் போனார்.

"தொடாதீங்க!"

நான் இப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை. கை அப்படியே நின்றது. அட்டையைப் படித்தார். கண்ணாடி போடாமல் தள்ளிப் பிடித்து, எழுத்துக் கூட்டி. தேதியில் நின்றார்.

நான் கொல்லைக்குப் போய்க் குழாயில் கண் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வந்தார். இருட்டில் தடவி, இரண்டாவது நாற்காலியைப் பிடித்தார்.

"அதுல உக்காராதீங்க அத்தை."

ஏன் என்று கேட்கவில்லை. பின்படியில் போய் உட்கார்ந்தார். எனக்குப் பின்னால், மூன்று மீட்டர். நான் சொல்ல ஆரம்பித்தேன். குழாயைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னேன். மெஷின், அட்டை, ஞாயிறு, ஓவர்டைம், டார்ச். ஆலையில் ரிப்போர்ட் வாசிப்பது போலத்தான் வந்தது.

"தெரியும்" என்றார் அத்தை.

"எது?"

"அட்ட. அவ போன்ல சொன்னா. 'பேரு போட்டுத் தொங்க விட்டிருக்காக, தொட்டா ஆலைய விட்டே தள்ளி வச்சிருவாக'ன்னு சொல்லி ஒரே சிரிப்பு. இருட்டுல கஷ்டமா இருக்கும்மா, நீ ஒரு வார்த்த சொல்லேன்னா. நாந்தான் சொன்னேன், ஆம்பள வேலயில நீ தலையிடாத, அவுகளே பாப்பாக, நச்சரிக்காதன்னு." மூச்சு விட்டார். "அஞ்சாறு மாசமா லைட்டு எரியுதா எரியுதான்னு கேக்கேனே. ஒருநாளாவது நெசத்தச் சொல்லுவியளான்னு பாத்தேன். சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன்."

இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. இடது ஓரத்தில் நாற்காலி நிறைந்தது.

என் கழுத்து தன்னால் திரும்பப் போயிற்று.

"நேராப் பாக்காதிய, மருமவனே" என்றார் அத்தை, பின்னாலிருந்து, மெதுவாக. "பாத்தா போயிருவா."

ஓரத்தில் தெரிவதைப் பற்றி அவரிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அப்படியே இருந்தோம். எவ்வளவு நேரம் என்று குறிக்கவில்லை. ஈரத்துணி வாசனை இருந்தது. சோப்புத் துண்டு கரைந்த வாசனை. நான் ஓரியனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எதுவும் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். இப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது. லைட் வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம், தனுவை அத்தையே வளர்க்கட்டும், நன்றாகத்தான் வளர்ப்பார். வாயைத் திறந்து சொல்லப்போனேன். அத்தை என்ன நினைத்தாரோ, அவரும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்.

"அப்பா."

வீட்டுப் பக்கவாட்டுச் சந்திலிருந்து வந்தது குரல். முன்கதவைத் திறந்து சுற்றி வந்திருக்கிறாள்.

"அப்பா, நீ எங்க இருக்க? எனக்குத் தெரியல."

புல்லில் கால் வைக்கும் சத்தம். ஒன்று. இரண்டு. அவள் வருகிற வழியில்தான் கல். நடுவில் அந்த நாற்காலி.

திரும்பினேன். நேராக, முழுதாக, நாற்காலியைத் தாண்டி அவளைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தேன். வெறும் நாற்காலி. அதைத் தள்ளிவிட்டு ஓடினேன். குழாய் எதிலோ மோதிச் சாய்ந்தது. தனுவை அக்குளில் கைகொடுத்துத் தூக்கும்வரை மூச்சு விடவில்லை. இரண்டு பாதத்தையும் உள்ளங்கையால் தடவினேன். விரல் விரலாக. செல்போன் வெளிச்சத்தில் மறுபடியும். மறுபடியும்.

"கூச்சமா இருக்கு" என்றாள் தனு. சிரித்தாள்.

அத்தை படியிலேயே இருந்தார். வெளிச்சம் அவர்மேல் பட்டபோது முகம் ஒரு பக்கமாகச் சுவரைப் பார்த்தபடி இருந்தது. சாய்ந்து கிடந்த நாற்காலியின் பக்கம் அவர் இன்னும் திரும்பவே இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலை 7.10. மெயின் அணைத்தேன். மெஷினின் பின்பலகையைக் கழற்றினேன். எர்த் வயர் ஸ்க்ரூவிலிருந்து நழுவியிருந்தது. வயரில் ஓர் இடத்தில் எலி கடித்த தடம், இரண்டு அங்குலம். வெட்டி ஒட்டி, டேப் சுற்றி, ஸ்க்ரூவை முறுக்கினேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன். கசிவு இல்லை. அட்டையை எடுத்தேன். எம்.சி.பி.யைப் போட்டேன். கல்லுக்கு மேலே பல்பு எரிந்தது. பகலில் அது எரிவதே சரியாகத் தெரியவில்லை. கையால் மறைத்துப் பார்த்துதான் உறுதி செய்தேன்.

மாலை அத்தையைப் பஸ் ஏற்றப் போனோம். தனு என் தோளில். அத்தையின் கையில் ஒரு பைதான்.

"பள்ளிக்கூடத்துக்கு நாளைக்கே போயி எழுதிருங்க. காலைல பால் குடிக்க மாட்டா, மொகத்தத் திருப்புவா. விட்டுராதிய."

"சரி அத்தை."

"செருப்பில்லாம எறக்கி விடாதிய."

"சரி."

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். கண்டக்டர் விசில் கொடுக்கும்போதுதான் கேட்டார், என்னைப் பார்க்காமல்.

"காலைல அந்த வேல, எம்புட்டு நேரமாச்சு?"

"இருபத்தஞ்சு நிமிசம்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நாளு பூரா ஆச்சின்னு சொல்லக் கூடாதா, மருமவனே" என்றார். "இத்தன பொய் சொன்னியளே. இதையும் ஒண்ணு சொல்லியிருக்கக் கூடாதா."

பஸ் நகர்ந்தது. தனு கையாட்டினாள்.